உபதேசியார் திட்டிய இரண்டு வார்த்தைகள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த வயோதிகர் விடுதியிலிருந்து இரண்டு நர்சுப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். விடுதிக்குப் புது நோட்டுப் புத்தகங்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்றைக் கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் அச்சுக் கட்டம். தூக்கம், உணவு, மலஜலம், நடத்தை என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே நல்லது, சுமார், மோசம் என்று மூன்று கட்டம். பேனாவால் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. "எம்புட்டு சௌகரியம் பாருங்கக்கா. எழுதி எழுதிக் கை ஒடிய வேண்டாம்" என்றாள் ஒருத்தி.

சௌகரியம்தான். நானும் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர்கள் போன பிறகு அந்த 'நடத்தை' என்ற கட்டம் மனசை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு கட்டம் இல்லாத நோட்டிலேயே, ஒரு நல்ல மனுஷரை மோசம் என்று ஆறு வாரம் எழுதித் தள்ளியவள் நான். அந்தக் கதையை அவர்களுக்கு நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நர்சு வேலை கற்றது திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். பிரசவம், காலரா, பாம்புக்கடி என்று ஓட்டமும் நடையுமாகப் பதினைந்து வருஷம் போனது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்கு ஓடத் தெம்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் தாண்டி ஒரு பழைய பங்களாவில் பன்னிரண்டு கட்டிலோடு ஒரு விடுதி இருக்கிறது, பார்க்க நாதியில்லாத முதியவர்களையும் நினைவு தப்பிப்போனவர்களையும் வைத்துப் பார்க்கிறார்கள், அங்கே நர்சு வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். ஊரில் அதைக் 'கிழவங்க பங்களா' என்பார்கள். கஞ்சி ஊற்றுகிற வேலைதானே, உட்கார்ந்தே பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே சூப்பிரண்டாக இருந்தவர் ஞானப்பூ அம்மாள். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட நாலு வயசு சின்னவர். அதிலேயே எனக்கு ஒரு சின்ன எரிச்சல். அவர் என்னை 'எஸ்தரக்கா' என்று கூப்பிடுவார், நான் அவரைச் 'சூப்பிரண்டம்மா' என்பேன். மரியாதையில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் முதல் நாள் அவர் வேலை செய்ததைப் பார்த்து, இந்த அம்மாவுக்கே கொஞ்சம் புத்தி பிசகோ என்று நினைத்தேன்.

அவர் எந்த அறைக்கும் சடக்கென்று நுழைய மாட்டார். நிலைச்சட்டத்தை இரண்டு விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுவார். நிற்பார். பிறகு படுத்திருப்பவர் முகத்துக்கு நேரே வருவார், பின்பக்கமாக ஒருநாளும் வந்ததில்லை. உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, "நான் ஞானப்பூ வந்திருக்கேன். முதுகு தொடைக்கணும். இப்பத் தொடைக்கட்டுமா?" என்று கேட்பார். படுத்திருப்பவருக்கு ஞானப்பூவும் தெரியாது, முதுகும் தெரியாது. ஆனாலும் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்றாவது மூச்சு வரைக்கும் பதிலுக்குக் காத்திருப்பார். அதற்கப்புறம்தான் தொடுவார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அறைக்குள் போனால் ஐம்பது தடவையும் இதேதான்.

புரட்டிப் போடுவது, இடுப்பெலும்பையும் குதிகாலையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது, ரப்பர் விரிப்பின் மேல் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவது எல்லாம் நானும் அறிந்தவைதான். அவர் செய்தால் அது வேறு மாதிரி இருந்தது. என் வேலை சரியில்லையென்றால் திட்ட மாட்டார். என் கண் முன்னாலேயே அதை முதலிலிருந்து திரும்பச் செய்வார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர்கள் வாயிலிருந்து வருவதை வந்தபடியே அதில் எழுத வேண்டும். "பொருள் இருக்கா இல்லையான்னு நாம பாக்க வேண்டாம். காதுல விழுந்த சத்தத்த எழுதுங்க" என்பார். இது எனக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஆனால் அது வேலை செய்வதையும் பார்த்தேன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் இருந்தார். குளிப்பாட்டப் போனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டார். அவர் நோட்டில் யாரோ, "ரிலீப் வரலை, ரிலீப் வரலை என்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். ஞானப்பூ அம்மாள் அதைப் படித்துவிட்டு, வார்டு ஆள் மாசிலாமணியைக் கூப்பிட்டு, ஏட்டையா முன்னால் விறைப்பாக நிற்கச் சொன்னார். மாசிலாமணி, "ஏட்டையா, ரிலீப் வந்தாச்சு, நீங்க போகலாம்" என்றான். அந்த மனுஷர் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, மாசிலாமணியிடம் ஒப்படைத்துவிட்டு, தானாக நடந்து குளிக்கப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கின பிறகு பயபக்தி மாதிரி ஒன்று வந்தது. முப்பது வருஷம் காவல் நின்ற உடம்பு, மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகராது. அது புத்தி கெட்டதா, புத்தி கெட்ட பிறகும் கெடாமல் நின்றதா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி யோசித்தவள்தான் அடுத்த வருஷமே இந்தத் தப்பைச் செய்தேன்.

யுத்த காலம். அரிசி கிடைக்காமல் விடுதியில் பாதி நாள் சோளச் சோறு. அந்தச் சமயத்தில் உபதேசியார் ஆசீர்வாதத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுபத்தைந்து தாண்டியவர். சுற்றுக் கிராமங்களில் ஐம்பது வருஷம் வேதம் சொல்லிக்கொடுத்தவர். வன்னியம்பட்டியிலிருந்து எங்கள் சமையலுக்கு வந்த பாக்கியம்கூட அவரிடம் படித்தவள்தான். கோபமாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி உருகுவாள். மனைவி இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில், எங்கேயோ வடக்கே. கடிதம் போட்டால் இரண்டு மாதம் கழித்துப் பதில் வரும், இல்லாவிட்டால் வராது.

வந்தபோது நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு 'தண்ணி' போனது, 'வலிக்கு' போனது. ஜெபத்தில் 'ஆமென்' மட்டும் கொஞ்ச நாள் நின்று அதுவும் போனது. மூன்று மாதத்தில் மனுஷர் முழு ஊமையாகிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் பேசினார். இனாமல் தட்டில் குழைந்த சோறும் பருப்பும் பிசைந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புறங்கையால் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பல்லில்லாத வாயால் இரண்டு வார்த்தை சொன்னார். "தின்னு. தள்ளி."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் மனுஷரைப் பார்த்து யாரும் 'தின்னு' என்று சொல்ல மாட்டார்கள். மாட்டுக்குச் சொல்லுவார்கள், ஆகாதவர்களுக்குச் சொல்லுவார்கள். 'நீயே தின்னு, தள்ளிப் போ' என்கிறார் என்று விளங்கியது. நான் தள்ளி நின்றேன். அவர் தட்டை இன்னும் நகர்த்தி இன்னும் உரக்கச் சொன்னார். நான் இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். தட்டு கீழே விழுந்தது. அவர் அழுதார்.

நோட்டில் எழுதினேன்: 'சாப்பிட மறுத்தார். நீயே தின்னு, தள்ளிப் போ என்று திட்டித் தட்டைத் தள்ளிவிட்டார்.'

சூப்பிரண்டம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எஸ்தரக்கா, இது அவிய சொன்னதா, நீங்க சொல்லுததா?" என்று கேட்டார்.

"அவியதான் சொன்னாவ. எனக்குக் காது நல்லாக் கேக்கும், சூப்பிரண்டம்மா."

அவர் நோட்டை மூடி வைத்தார். வயசில் மூத்தவள் என்று விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நானும் அந்த ஒரு வரியோடு நிறுத்தவில்லை. மாசிலாமணியிடம் சொன்னேன், பாக்கியத்திடம் சொன்னேன். உபதேசியாரா அப்படிச் சொன்னாரு என்று பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் தட்டு கொண்டுபோனபோது அவள் காதிலும் அப்படியே விழுந்தது. மாசிலாமணி காதிலும் அதேதான். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததை யாருமே கேட்கவில்லை. நான் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

ஆறு வாரம் இப்படிப் போனது. தட்டு வைப்போம், அவர் நகர்த்துவார், திட்டுவார், நாங்கள் விலகுவோம், அவர் அழுவார். கரண்டியை வாயில் வைத்தால் பல் இல்லாத ஈறைக் கடித்துப் பூட்டிக்கொள்வார். ஒருநாள் பலவந்தமாக ஊட்டப் போய், தட்டின் விளிம்பு பட்டு என் புருவத்தில் ரத்தம் வந்தது. காலையில் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மூக்கு வைத்த பீடிங் கப்பால் பாலோ கஞ்சித் தண்ணியோ ஊற்றினால் கொஞ்சம் இறங்கும். அதில்தான் உயிர் நின்றது.

எங்களிடம் எடை பார்க்கும் மிஷின் கிடையாது. ஞானப்பூ அம்மாள் வாரா வாரம் வெள்ளை நூலை அவர் மேல்கையைச் சுற்றிப் பிடித்து, சுற்று முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டி, ஒரு கவருக்குள் போட்டு வைப்பார். ஆறாவது வாரம் ஆறு நூலையும் மேஜையில் வரிசையாக நீட்டி வைத்தார். முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இரண்டு விரல்கடை வித்தியாசம் இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

விடுதிக் கமிட்டியார் வந்து பார்த்தார்கள். நோட்டைப் படித்தார்கள். முரடு, வசைபாடுதல், ஆளை அடித்தல். எல்லாம் என் கையெழுத்து. இவரைப் பட்டணத்தில் உள்ள பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். சனிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துச் சான்று எழுதுவார், உறவினர் ஒருவர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை ரயில். அந்த உடம்பு ரயிலில் பட்டணம் வரை போய்ச் சேராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே மூன்று மூச்சு காத்திருந்து தொடுவதற்கு யாருக்கு நேரமிருக்கும்?

மகனிடமிருந்து பதில் இல்லை. உபதேசியாரின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது பழைய ஞானஸ்நானச் சீட்டு ஒன்று கிடைத்தது. சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம் என்று போட்டிருந்தது. பழைய பெயர் வேறு, தகப்பன் பெயர் வேறு. அவரிடம் படித்த பாக்கியத்துக்கே அது புதுச் செய்தி. விசாரித்ததில் வெங்கம்மா என்று ஒரு தங்கை உயிரோடிருப்பதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை சம்மதத் தாளையும் மைப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு நான் ராஜபாளையத்துக்குப் புறப்பட்டேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது ஓடியது கரி பஸ். வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்று, வீடு தேடிச் சேரும்போது உச்சி வெயில். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. முற்றத்தில் பருத்தி காய்ந்தது. வெங்கம்மாள் எழுபதை ஒட்டிய வயசிலும் நிமிர்ந்து நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் கல்லாகிவிட்டது.

"எங்களுக்கு அப்படி ஒருத்தர் இல்ல. அவிய வேதத்துல சேர்ந்த அன்னைக்கே எங்க அய்யா தலை முழுகிட்டாவ. நான் கல்யாணம் கட்டி வந்த பொறவு அந்தப் பேரையே சொன்னதில்ல."

"ஒரு கைநாட்டுத்தான் ஆச்சி."

"எதுக்கு?"

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப."

 அந்த அம்மாள் உள்ளே பார்த்து மருமகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். மருமகள் ஒரு தட்டில் கம்பஞ்சோறும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். தலை முழுகின வீடாக இருந்தாலும், உச்சி வேளையில் வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்ப அவர்களுக்கு மனசு வரவில்லை. நான் வேண்டாம் என்று கூச்சப்பட்டேன். வெங்கம்மாள் என் முன்னால் உட்கார்ந்து, புறங்கையால் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தினு, தல்லி."

சோற்றுக்கு நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அதே புறங்கை. அதே நகர்த்தல். அதே இரண்டு வார்த்தை. பல்லுள்ள வாயில் சுத்தமாக விழுந்தது. 'தின்னு' இல்லை, 'தினு'. 'தள்ளி' இல்லை, 'தல்லி'. அந்தக் குரலில் திட்டு எங்கே இருக்கிறது? தேனாக இருந்தது.

"ஆச்சி, இப்ப என்ன சொன்னிய?"

"சாப்புடுன்னு சொன்னேன்."

"அதுக்குப் பொறவு?"

"தல்லின்னேன். தெலுங்குல தாயின்னு அர்த்தம். பொட்டப் பிள்ளைகள ஆசையா அப்படித்தான் கூப்புடுவோம். ஏன், ஒங்க ஊருல தாயீன்னு கூப்புட மாட்டாகளா?"

 விடுதியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தட்டை நகர்த்துவதை என் கையாலேயே செய்து காட்டினேன். என் புருவத்துத் தழும்பைக் காட்டியது எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை. வெங்கம்மாள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"தாது வருசப் பஞ்சம்" என்றார் கடைசியில். "எனக்கு நாலு வயசு, அண்ணனுக்கு ஒம்பதோ பத்தோ. சர்க்கார் கஞ்சித் தொட்டிக்கு நடந்துபோய் ஒரு சட்டிக் கஞ்சி வாங்கிட்டு வருவாவளாம். எனக்கு முன்னால வச்சு, தினு தல்லின்னு சொல்லிட்டுப் பக்கத்துல குந்தி இருப்பாவளாம். நான் குடிச்சு முடிக்கிற மட்டும் அவிய வாயில ஒரு சொட்டுப் படாது. எங்க அம்மா சாகிற வரைக்கும் இதச் சொல்லிச் சொல்லி அழும்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "அவிய சொல்லும்போது நீங்க சாப்புட்டியளா?" என்றார்.

"இல்ல, ஆச்சி."

"அப்ப அவிய எப்படிச் சாப்புடுவாவ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐம்பது வருஷம் பேசின தமிழ் போய்விட்டது. மனைவி பெயர், மகன் பெயர், ஜெபம் எல்லாம் போய்விட்டன. எல்லாம் போன பிறகு அடியில் ஒரு பத்து வயசுப் பையன் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தங்கை சாப்பிடாமல் அவன் சாப்பிட மாட்டான். அவன் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் பசித்த பிள்ளைகளாகத் தெரிந்தோம். எங்களைச் சாப்பிட வைக்கத்தான் அந்த மனுஷர் ஆறு வாரம் பட்டினி கிடந்தார். நாங்களோ அவர் கூப்பிடக் கூப்பிடப் பின்னால் போனோம்.

வெங்கம்மாள் கைநாட்டு வைக்கவில்லை. "எங்கண்ணனப் பைத்தியம்னு நான் விரல் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கூட வாருங்கள் என்று கேட்டேன்; முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மலையைப் பார்த்தபடி வழி முழுக்க அழுதேன். பக்கத்திலிருந்தவள் துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து எனக்கு வெற்றிலை கொடுத்தாள்.

விடுதிக்கு வந்ததும் சூப்பிரண்டம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் கோத்துக்கொண்டு கேட்டார். நான் நோட்டைத் திறந்து என் வரிகளை அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்தார்.

"அடிக்காதீங்க எஸ்தரக்கா. அது அப்படியே இருக்கட்டும். இன்னைக்குத் தேதி போட்டு, கீழ சத்தத்த மட்டும் எழுதுங்க."

எழுதினேன். தினு, தல்லி. 'ல'வை இரண்டு தடவை அழுத்திப் போட்டேன். அன்று சாயங்காலம் உபதேசியாருக்குக் கண் திறக்கவே தெம்பில்லை. தட்டை வைத்தோம். தூங்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு டாக்டர் வந்தார். கெட்டவரில்லை, அவசரக்காரர். பெயர் என்ன, இது என்ன கிழமை, நான் யார் என்று உபதேசியாரிடம் கேட்டார். பதில் இல்லை. நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார்.

ஞானப்பூ அம்மாள், "சாப்பாட்டு நேரம், டாக்டர். செத்த நேரம் இருந்து அதையும் பாத்துட்டு எழுதுங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வெங்கம்மாள் இறங்கினார். அறை வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே நின்றுவிட்டார். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்த அந்த எலும்புக் கூட்டைப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்காத முகம்.

"அண்ணா" என்றார்.

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. ஜன்னலைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வெங்கம்மாள் கட்டிலுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

நான் தட்டைக் கொண்டுவந்தேன். நோயாளியின் தட்டில் நர்சு வாய் வைக்கக்கூடாது என்பது நான் படித்த முதல் பாடங்களில் ஒன்று. ஞானப்பூ அம்மாளைப் பார்த்தேன். அவர் செம்பையும் பேசினையும் எடுத்துவந்து, என் கையில் தண்ணீர் ஊற்றினார். நான் கழுவிக்கொண்டு, அத்தனை நாளும் நின்ற இடத்தில் அன்று உட்கார்ந்தேன்.

உபதேசியார் தட்டைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் கை எழும்பவே சிரமப்பட்டது. புறங்கை தட்டைத் தொட்டது, தட்டு நகர்ந்தது. எதிரே இருந்த தங்கை பக்கம் போகவில்லை. என் பக்கம் வந்தது.

"தினு, தல்லி."

எனக்குச் சோற்றைத் தொட மனம் வரவில்லை. இந்தச் சோற்றுக்கு உரியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நான் எப்படி எடுப்பேன் என்று வெங்கம்மாளைப் பார்த்தேன். தட்டை அவர் பக்கம் நகர்த்தலாமா என்றும் கை போனது. அவர் தலையை அசைத்துத் தடுத்தார்.

"சாப்புடு தாயீ. ஒனக்குத்தான் குடுக்காவ. நான் அப்பவே சாப்புட்டுட்டேன்."

நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். உபதேசியார் என் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாயை விழுங்கினதும் அந்த முகம் முழுக்க இளகியது. அந்த மாதிரி நிம்மதியை நான் பிள்ளை பெற்றெடுத்த எந்தத் தாய் முகத்திலும் பார்த்ததில்லை. அவர் வாய் திறந்தது. ஆறு வாரமாக நாங்கள் யாரும் கேட்டிராத மூன்றாவது வார்த்தை ஒன்று வந்தது. நாங்கள் சாப்பிட்டிருந்தால் முதல் நாளே வந்திருக்கும்.

"சாலா?"

எனக்குப் புரியவில்லை. திரும்பினேன். வெங்கம்மாள் எனக்குப் பொருள் சொல்லவில்லை. கையைப் பெஞ்சில் ஊன்றி முன்னால் சாய்ந்து, நாலு வயசுப் பிள்ளையின் குரலில் அவரே பதில் சொன்னார்.

"சாலு, அண்ணா. போதும்."

உபதேசியார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.